‘தி ஹாண்டிங்’ 1963, 1999: எட்டு கோடி டாலர் கொட்டியும் பயம் வரலியே, கோளாறு எங்க?

தாழ்க்கோல்
ராபர்ட் வைஸ் 1963-ல எடுத்த ‘தி ஹாண்டிங்’, அதையே யான் டி பான்ட் 1999-ல திரும்ப எடுத்தது, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பேசத்தான் இந்த இழை. ரெண்டுக்கும் மூலம் ஷெர்லி ஜாக்சனோட 1959 நாவல். பேய் வீடுன்னு பேர் எடுத்த ஒரு மாளிகையில, ஒரு டாக்டரோட ஆராய்ச்சிக்காக நாலு பேர் தங்குற கதை. பழசுக்குச் செலவு சுமார் 11 லட்சம் டாலர், புதுசுக்கு 8 கோடி. நீளம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ரெண்டு மணிக்கு ஏழெட்டு நிமிஷம் குறையும்.

‘கிராஃபிக்ஸ் பழசாயிட்டு, அதான் இப்ப எடுபடல’ங்கிற வாதத்தை முதல்லயே ஓரம் கட்டிருவோம். 1999 ஜூலையில வெளிவந்தப்பவே அது எடுபடல. வசூல் வந்துது, பயம் வரல. மோசமான படங்களுக்குக் கேலியா கொடுக்கிற ராஸி விருதுப் பட்டியல்ல மோசமான படம்ங்கிற பிரிவு உட்பட அஞ்சு இடத்துல பேர் வந்துது. கதவுக்கு அந்தப் பக்கம் யாருன்னு காட்டியே தீரணும்னு ஒரு முடிவு எடுத்தாங்க பாருங்க, கோளாறு அங்க தொடங்குது.

1963-ல முதல் ராத்திரி, கதாநாயகி நெல்லும் (Nell) கூடத் தங்க வந்த தியோவும் ஒரே அறையில ஒடுங்கி இருக்காங்க. தாழ்வாரத்துல தூரத்துல எதையோ இடிக்கிற சத்தம். அப்புறம் இன்னும் கிட்ட. கடைசியில இவங்க கதவுக்கு நேரா வந்து நிக்குது. கேமரா கதவையும் குமிழையும் நிலையையும் மட்டும் பார்க்குது. பிறகு வேற ஒரு ராத்திரி நாலு பேரும் கூடத்துல இருக்கும்போது மூடின கதவு உள்பக்கமா வீங்குது. அவ்வளவுதான். படம் முழுக்க ஒரு ஆவியும் வராது.

1999-ல படுக்கை விரிப்புல குழந்தை முகம், மரத்துல செதுக்கின தலைகள் திரும்புது, சிலைக்கு உயிர் வருது, கட்டில் நெல்லை அமுக்கிப் பிடிக்குது, அடுப்பங்கணப்புச் சிங்கத்தலை, கூடத் தங்கியிருக்கிற லூக்கோட கழுத்தைக் கொண்டுபோகுது, முடிவுல அந்த வீட்டைக் கட்டிச் செத்துப்போன ஹியூ கிரெய்ன் ஆளுயரத்துக்கும் மேல புகையா எழுந்து நிக்கான். சரி, இதுல நாம கற்பனை பண்ண என்ன மிச்சம்?

ஒலிப்பெட்டி
சத்தத்தைப் பத்திச் சொல்லாம இந்தப் படத்தைப் பேச முடியாது. 1963 படத்துக்கு ஒற்றைத் தட ஒலிதான், மோனோ. சத்தம் எல்லாமே திரைக்குப் பின்னாடி ஒரே இடத்துல இருந்து வரும். அதனாலேயே அது இடது சுவர்லயா, வலதுலயா, மாடியிலயான்னு காது தேடிக்கிட்டே இருக்கும். அந்தத் தேடல்தான் பயம். இன்னொண்ணு, இடிச் சத்தத்தை முன்கூட்டியே பதிஞ்சு படப்பிடிப்புத் தளத்துலயே ஓடவிட்டிருக்காங்க. நெல்லா நடிச்ச ஜூலி ஹாரிஸும் தியோவா நடிச்ச கிளேர் ப்ளூமும் திடுக்கிடுறது உண்மையான சத்தத்துக்கு.

1999-க்கு ஒலி வடிவமைப்பு கேரி ரைட்ஸ்ட்ரோம். கைதேர்ந்த ஆள், குத்தம் சொல்ல வழியே இல்ல. டிவிடி வந்தப்ப ஹோம் தியேட்டர்காரங்க ஸ்பீக்கர் சோதிக்க இந்தப் படத்தைத்தான் போட்டாங்க. சிக்கலும் அதுதான். முனகல் பின்பக்க வலது ஸ்பீக்கர்ல இருந்து வருதுன்னு துல்லியமா தெரிஞ்சிட்டா, பேய்க்கு விலாசம் கிடைச்சிட்டு. விலாசம் உள்ள பேய்க்கு யாரு பயப்படுவா?

குழித்துறைப் பாலம்
அண்ணன்மாரே, ஒரு நடைமுறைக் கேள்வி. நடுவுல முற்றம் வெச்ச பழைய நாலுகெட்டு வீட்டுல ஒரு குறும்படம், 12 நிமிஷம். அந்தக் கதவு வீங்குற காட்சி மாதிரி ஒண்ணு வேணும். கணினி வேலை வேண்டாம்னு முடிவு. வீட்டோட அசல் கதவு ஈட்டி மரம், அதைத் தொட விட மாட்டாங்க. எப்படிப் பண்றது?

ஆசாரிப்பள்ளம் உளி
தங்கச்சி, அசல் கதவுல கையே வைக்காதீங்க. 1963-லயும் அது நிசமான முழுக் கதவு இல்ல, அடுக்கி ஒட்டின மரப்பலகையை அந்தப் பக்கத்துல இருந்து ஆள் தள்ளினதுதான். நம்ம அளவுக்கு இப்படிச் செய்யலாம்.

நிலை அளவு 78-க்கு 33 அங்குலம்னு வைங்க. 4 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட், 8-க்கு 4 அடி. மேல்பக்கத்து மர ரேகை செங்குத்தா நிக்கணும். அப்பத்தான் அகலவாக்குல வளையும், பார்க்கவும் கதவு மாதிரி இருக்கும். ரேகையைப் படுக்கையா வெச்சா வளைய மறுக்கும், பலமா தள்ளினா நடுவுல ‘படக்’குன்னு உடையும்.

முக்கியமான இடம் ஓரம். நாலு பக்கமும் ஆணி அடிச்சா வீங்கவே வீங்காது, மூலையிலதான் பொளியும். இடமும் வலமும் நிக்கிற சட்டத்துல 25 மி.மீ. ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுத்து பலகையை அதுக்குள்ள சும்மா நிறுத்துங்க. ஏன்னு கேட்டா, 33 அங்குலப் பலகை நடுவுல 75 மி.மீ. முன்னால வரணும்னா ரெண்டு ஓரமும் சேர்ந்து சுமார் 18 மி.மீ. உள்ள இழுபடும், பக்கத்துக்கு 9. காடிக்குள்ள 22 மி.மீ. பலகை இருந்தா, முழுசா வீங்கின பிறகும் 13 மி.மீ. பிடிப்பு மிச்சம். காடியில மெழுகுதிரி தேய்ங்க. நம்ம ஊர் மழைக்காலத்துல பிளை ஈரம் இழுத்து ஊதும், மெழுகு இல்லன்னா நடு ஷாட்ல சிக்கிக்கும்.

மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் சும்மா விடணும், ஃப்ரேமுக்குள்ள வரக்கூடாது. வந்தா வில்லு மாதிரி வளைஞ்ச விளிம்பு தெரிஞ்சு குட்டு உடையும்.

மேல ஒட்டுற வெனீரை (மெல்லிய மரத்தோலை) வெள்ளைப் பசையில ஒட்டாதீங்க, காய்ஞ்சா கண்ணாடி மாதிரி ஆகி வெடிக்கும். ரப்பர் பசை போடுங்க. கதவுச் சட்டம் மாதிரித் தெரியுற பட்டிகளை மரத்துல செய்யக்கூடாது, இழுத்தா வளையுற ஃபோம் ஷீட்ல வெட்டி, வண்ணம் அடிச்சு ஒட்டுங்க. அந்தப் படுக்கைப் பட்டி கண்டிப்பா வேணும் கேட்டியளா. நேர்க்கோடு வளைஞ்சாத்தான் வீக்கம் கண்ணுல படும், வெறும் பலகை வீங்கினா ஒண்ணும் தெரியாது.

தள்ளுறது உள்ளங்கையால வேண்டாம், கை அச்சு முட்டிக்கிட்டு நிக்கும். ஒன்றரை அடி உயரம், எட்டு அங்குல அகலத்துல ஒரு கட்டை, முகத்தை அரைவட்டமா இழைச்சு, நார் மெத்தைத் துண்டு சுத்தி, தோளால தள்ளணும். 75 மி.மீ.க்கு மேல போகாம தடுப்புக் கட்டை ஒண்ணு அடிச்சிருங்க. மூணு விநாடி உள்ள, ஒரு விநாடி நிறுத்தம், நாலு விநாடி திரும்ப. விட்டுட்டா மேளம் மாதிரி ‘டம்’னு அடிக்கும். அதனால பின்னால கயிறு கட்டி மெதுவா இழுத்துக்கிடணும்.

தாழ்க்கோல்
இதுக்கு மேல ஒண்ணு: வெளிச்சம். கதவுக்கு நேரே முன்னால விளக்கு வெச்சா ஆசாரி அண்ணன் உழைப்பு மொத்தமும் வீண். கதவோட பரப்புக்கு 15, 20 டிகிரிக்குள்ள, பக்கவாட்டுல இருந்து வெளிச்சம் உரசிக்கிட்டு வரணும். வீக்கத்தோட மறுபக்கம் நிழல் விழும், அது நகரும். கண்ணு பிடிக்கிறது அந்த நிழலைத்தான்.

1963-ல அந்த வீடு இருட்டா இருக்காது, கவனிச்சீங்களா? எலியட் ஸ்காட் போட்ட செட் முழுக்க பூவேலைச் சுவர், வெளிச்சம் தாராளம். ஒளிஞ்சிக்க மூலையே இல்லாத வீட்டுல சத்தம் கேட்டா இன்னும் மோசம்.

செங்கோட்டை வேகத்தடை
ஒரு மாற்றுக்கருத்து வே. எல்லாரும் 1963-ஐத் தலையில தூக்கி வெச்சு ஆடுறீங்க. நெல்லோட மனக்குரல் படம் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கு. நடிப்பைப் பார்த்தாலே புரியுறதை வாய்விட்டும் சொல்லுது. சில இடத்துல அலுப்பு. 1999-ல அரங்கம் பிரமாதம். அதைப் போட்ட யூஜினியோ ஸனெட்டி ‘ரெஸ்டோரேஷன்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கினவரு. கலிஃபோர்னியா லாங் பீச்சுல, ஹோவர்ட் ஹியூஸோட ராட்சத மர விமானம் நின்ன குவிமாடத்துக்குள்ள அந்த வீட்டு உட்புறத்தைக் கட்டினாங்க. அந்தக் கணப்புக்குள்ள ஆள் நிமிர்ந்து நடக்கலாம். அதைக் குறை சொல்ல முடியுமா?

தாழ்க்கோல்
அரங்கத்தை யாரும் குறை சொல்லல. ஆனா அந்த உயரமே எதிரி. வைஸ் செட்டுக்கு மேற்கூரை போட்டாரு. விளக்கு மாட்டுறதுக்காகத் திறந்துவிடுற இடத்தை மூடி, கூரை நடிகர் தலைமேல இறங்கிற மாதிரி எடுத்தாரு. 1999-ல கூடம் கோயில் மண்டபம் மாதிரி. ஓடி ஒளிய எவ்வளவு இடம்! அங்க மூச்சு முட்டுமா? வியப்புதான் வரும்.

மனக்குரல் பத்தி நீங்க சொல்றதுல பாதி சரி. ஆனா அதை எடுத்துட்டா ‘இதெல்லாம் வீடு செய்யுதா, நெல் செய்யுறாளா’ங்கிற கேள்வியும் போயிரும். அவ சின்ன வயசுல அவ வீட்டு மேல கல் மழை பெய்ஞ்சதுன்னு டாக்டர் மார்க்வே ஆரம்பத்துலயே சொல்றாரு. அந்தச் சந்தேகம் கடைசி வரைக்கும் தீராது. 1999-ல அவளை கிரெய்னோட ரெண்டாவது மனைவி வம்சத்துல கொண்டுவந்து, செத்த குழந்தைகளை விடுவிக்கிற வீராங்கனை ஆக்கிட்டாங்க. சந்தேகத்துக்கு வேலையே இல்ல.

1999-ல டாக்டர் கதை இன்னும் கந்தல். டாக்டரா வர்ற லியாம் நீசன் தூக்கமின்மை ஆராய்ச்சின்னு பொய் சொல்லி ஆட்களை வரவழைக்காரு, உண்மையில பயத்தை ஆராயணும். நல்ல முடிச்சு. அப்ப நடக்கிறதெல்லாம் டாக்டர் வேலையோன்னு நமக்குச் சந்தேகம் வரணும். ஆனா நெல் தனியா இருக்கும்போதே விரிப்புல முகம் எழும்புறதை நமக்குக் காட்டிடுறாங்க. வெச்ச முடிச்சை அவங்களே அவுத்துட்டாங்க.

கருங்கல் தெக்கினி
இதைப் பேசும்போது பத்மநாபபுரம் பக்கத்துல இருந்துக்கிட்டு ‘மணிச்சித்திரத்தாழ்’ சொல்லாம போகலாமா? தமிழ்ல ‘சந்திரமுகி’யா வந்துதே, அதோட மலையாள மூலம். 1993, ஃபாசில் இயக்கம், மது முட்டம் எழுத்து. தக்கலை பத்மநாபபுரம் அரண்மனையும் திருப்பூணித்துறை ஹில் பேலஸும் சேர்ந்துதான் அந்த ஒரு வீடு.

கட்டிலை எடுத்துக்கோங்க. நாயகி கங்கா ஒரு கையால கட்டிலைத் தூக்குறா. ஒரு மரச் சாமான், ஒரு நடிகை, ஒரு முகமாற்றம். கங்காவா நடிச்ச ஷோபனாவுக்குத் தேசிய விருது. 1999 ஹாண்டிங்ல கட்டில் பெண்ணைப் பிடிக்குது. பெண் கட்டிலைத் தூக்குனா பயம் வருது, கட்டில் பெண்ணைத் தூக்குனா வேடிக்கையா இருக்கு. ஏன்னா முதல்ல மாறினது ஒரு ஆளு, ரெண்டாவதுல மாறினது ஒரு சாமான்.

அடுத்தது மொழி. மலையாள மூலத்துல கங்கா தன்னையே அவளா நினைச்சுக்கிற நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுவா. கங்காவுக்கு டப்பிங் பாக்கியலட்சுமி, நாகவல்லியோட தமிழுக்கு துர்கா. ஒரே உடம்புக்கு ரெண்டு தொண்டை. களியக்காவிளை எல்லைச் செக்போஸ்ட் தாண்டினா மாறுற மொழி, ஒரே வாயில மாறுது. மறு ஆக்கம் பண்ணினவங்களும் இந்த விதியைப் பிடிச்சிக்கிட்டாங்க. கன்னடத்துல 2004-ல தெலுங்கு, தமிழ்ல 2005-ல தெலுங்கு, இந்தியில 2007-ல வங்காளம். பேய் எப்பவும் பக்கத்து ஊர்க்காரிதான்!

செங்கோட்டை வேகத்தடை
கொள்ளாம். ஆனா ஒண்ணு: மலையாளத்துல அது முழுக்க மனநோய்னு விளக்கிட்டாங்க. காட்டினா பயம் போயிரும்னு சொல்ற நீங்க, விளக்கினா போகாதுன்னு எப்படிச் சொல்லலாம்?

கருங்கல் தெக்கினி
நல்ல கேள்வி. விளக்கம் சொல்றது கங்காவுக்கு என்ன ஆச்சுங்கிறதை. அறைக்குள்ள என்ன இருந்துச்சுங்கிறதை இல்ல. பூட்டின தெக்கினியை, அதாவது வீட்டோட தெற்குக் கட்டை, திறந்தா உள்ள படமும் நகையும் தூசும்தான். 1999-ல கிரெய்னுக்கு ஒரு குற்றப் பத்திரிகையே வாசிக்காங்க: ஆலை, குழந்தைத் தொழிலாளி, சாம்பல்ல எலும்பு, கணக்குப் புத்தகம். பேய்க்குக் கணக்குப் பிள்ளை வேலை பார்த்த படம் அது.

ஒலிப்பெட்டி
@குழித்துறைப் பாலம், சத்தத்துக்கு வர்றேன். பெரும்பாலும் போன்லதான் பார்ப்பாங்க. போன் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ கிட்டத்தட்ட ஊமை. சப்வூஃபருக்காக 40 ஹெர்ட்ஸ்ல ‘தும்’னு மட்டும் வெச்சா போன்ல ஒண்ணுமே கேக்காது. அதே தட்டுக்கு 200-ல இருந்து 400 ஹெர்ட்ஸ் வரைக்கும் மரத்தோட உடம்புச் சத்தம் ஒரு அடுக்கு கண்டிப்பா வேணும். தானியம் கொட்டி வைக்கிற பழைய மரப் பத்தாயம் கிடைச்சா அதுக்குள்ள துணி சுத்தின உலக்கையால குத்துங்க, மைக் 3 மீட்டர் தள்ளி, அதே வீட்டுல. மைக்கைக் கிட்ட வெச்சா மரப்பெட்டின்னு அப்பட்டமா தெரியும், தள்ளி வெச்சா வீடு சேர்ந்து முழங்கும்.

இடைவெளி ஒரே சீரா இருந்தா காது தாளம் போட ஆரம்பிச்சிரும். 1.2 விநாடி, 0.9, 1.6, அப்புறம் அஞ்சாறு விநாடி ஒண்ணுமே இல்ல. அந்த வெறுமைக்கும் அந்த அறையோட இயல்புச் சத்தம் வேணும், சுத்த மௌனம் போட்டா படம் அறுந்த மாதிரி ஆகும். ஒவ்வொரு அறையிலும் ஃபேனை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் பதிஞ்சு வைங்க. சில்வண்டுச் சத்தத்தைத் தனித் தடமா எடுங்க. முதல் தட்டுக்கு ரெண்டு விநாடி முன்னாடி அதை நிறுத்துங்க, மத்ததை யாரும் சொல்ல வேண்டாம்.

வைஸ் மாதிரி தளத்துல சத்தம் ஓடவிடலாம், ஆனா வசனம் உள்ள இடத்துல அதை நிறுத்திருங்க. நடிகர் குரலுக்கு அடியில பதிஞ்ச இடியை எந்த மென்பொருளும் சுத்தமா பிரிக்காது.

குழித்துறைப் பாலம்
ரொம்ப உபகாரம். வீட்டை வெளிய இருந்து பகல்ல காட்டுற ஷாட்டும் உண்டு. அந்தப் படத்துல வெளித்தோற்றமே ஏதோ சீக்கு வந்த மாதிரி இருக்கே, அது எப்படி?

தாழ்க்கோல்
அது இங்கிலாந்துல ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கத்துல இருக்கிற எட்டிங்டன் பார்க் மாளிகை. வெளிப்புற ஷாட்டை அகச்சிவப்பு ஃபிலிம்ல எடுத்தாங்க. இலை வெளுக்கும், நீல வானம் கறுக்கும், பகலே பகலா இல்லாம போகும்.

இப்ப பண்ணணும்னா, சென்சார் முன்னால இருக்கிற அகச்சிவப்புத் தடுப்பைக் கழற்றின கேமரா வேணும், கூட 720 நானோமீட்டர் ஃபில்டர். கழற்றாத கேமராவுல ஃபில்டர் மட்டும் போட்டா ஒரு ஃப்ரேமுக்கே பல விநாடி ஆகும், வீடியோவுக்கு உதவாது. லென்ஸ் துளையை எஃப் 8-க்கு மேல மூடினா சில லென்ஸ்ல நடுவுல வெள்ளைத் திட்டு விழும், முன்னாடியே சோதிங்க. ஃபோகஸும் தள்ளிப்போகும். திரையைப் பார்த்தே பிடிங்க, லென்ஸ்மேல இருக்கிற எண்ணை நம்பாதீங்க. வெயில் நேரா அடிக்கணும், காலை 10-ல இருந்து 2 வரை. நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, அதுல நாள் குறிக்காதீங்க. சுத்தி ரப்பர் தோட்டம்னா டிசம்பர் கடைசி, ஜனவரியில இலை உதிர்ந்து குச்சிதான் நிக்கும், வெளுக்க இலை இருக்காது. தென்னையும் மாவும் எப்பவும் கைகொடுக்கும்.

லென்ஸ் விஷயம்: வைஸ் பானாவிஷன் கம்பெனியில 30 மி.மீ. அனமார்ஃபிக் லென்ஸ் (அகலக் காட்சியைப் பக்கவாட்டுல சுருக்கிப் பதியுற லென்ஸ்) கேட்டாரு. அது இன்னும் சரியாகல, கோடு வளையுதுன்னாங்க. குறை தெரிஞ்சேதான் வாங்குறேன்னு எழுதிக் கொடுத்து வாங்கினாரு. தாழ்வாரத்துச் சுவர் ஓரத்துல வளைஞ்சு நிக்கிறது அதாலதான்.

ஆசாரிப்பள்ளம் உளி
அந்த வளையுற லென்ஸைக் கதவு ஷாட்டுக்குப் போட்டுராதீங்க தங்கச்சி. கோடு முன்னமே வளைஞ்சிருந்தா பலகை வளையுறது எங்க தெரியும்? கதவுக்கு முழு ஃப்ரேம் கணக்குல 35, 40 மி.மீ. சாதா லென்ஸ், கேமரா கதவுக்கு நேர்மட்டம். நாலுகெட்டுல மச்சு தாழ்வு. அகல லென்ஸைத் தாழ்வாரத்துக்கு வெச்சுக்கோங்க, தரையில இருந்து ரெண்டடி உயரத்துல கேமரா இருந்தா உத்தரம் எல்லாம் தலைமேல இறங்கும். கூரைக்கு மேல விளக்கு கட்ட இடம் கிடையாது. நடுமுற்றத்துல இருந்தும் அழிச் சன்னல்ல இருந்தும்தான் வெளிச்சம் விடணும்.

கருங்கல் தெக்கினி
தரை மெருகிட்ட கறுப்பா இருந்தா கவனம். அரண்மனைத் தரை சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்ததுன்னு சொல்வாங்க, கண்ணாடி மாதிரி. அப்படித் தரையில விளக்கும் ஆளும் கவிழ்ந்து தெரியும். கறுப்புத் துணியைத் தரையில விரிக்காதீங்க, மெருகு போனது போல இருக்கும். விளக்குக்கும் தரைக்கும் நடுவுல துணியைத் தொங்கவிடுங்க.

குழித்துறைப் பாலம்
நேத்து 4 மி.மீ. பிளையில ஒரு மாதிரி செஞ்சாச்சு. காடி, மெழுகு, ரப்பர் பசை எல்லாம் சொன்னபடி. வீங்குது அண்ணே, ஆனா நடுவுல மட்டும் கூம்பு மாதிரி நிக்குது, பரந்து வரல.

ஆசாரிப்பள்ளம் உளி
தள்ளுற கட்டை சின்னது, இல்லன்னா அரைவட்டம் ரொம்பக் கூர்மை. கட்டை உயரத்தை ரெண்டரை அடி ஆக்குங்க, அகலத்தை ஒரு அடி. அப்பவும் கூம்பினா பலகைக்கும் கட்டைக்கும் நடுவுல இன்னொரு 4 மி.மீ. துண்டு, 4 அடிக்கு 20 அங்குலம், ஒட்டாம சும்மா நிறுத்தி அது வழியா தள்ளுங்க. ஒட்டினா ரெண்டும் சேர்ந்து ஒரே கனம் ஆகி வளையாது. ரேகை அதுலயும் செங்குத்து.